இருப்பு குறையாத கிடங்கு

மூன்றாம் வகுப்பில் அந்த ஆண்டு பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர், பென்சில்கள் பதினொன்று. பத்துக் கூட்டத்துக்கு நாலு நாலு பேராகவும் கடைசிக் கூட்டத்துக்கு மூன்று பேராகவும் டீச்சர் பிரித்திருந்தார். அந்தக் கடைசிக் கூட்டத்தில் இடம்பிடிக்க வகுப்பில் அடிதடியே நடந்தது.

டீச்சர் ஒரு சொல்லைச் சொன்னால் முதல் பிள்ளை எழுதி முடித்து, இரண்டாவது எழுதி, மூன்றாவது எழுதி, நாலாவது பிள்ளையின் கைக்குப் பென்சில் வரும்போது மணி அடித்துவிடும். அதனால் பிள்ளைகளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரே தாளில் ஆளுக்கொரு எழுத்து. வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் ஜன்னலோரத்தில் உட்காரும் ஒரு சிறுமிக்குச் சொற்களின் கடைசி எழுத்து மட்டும்தான் எழுத வந்தது. அதை மிக அழகாக எழுதுவாள். உன் பெயரை எழுது என்றால் கடைசி எழுத்தைப் போட்டுவிட்டு, மிச்சத்துக்காக மற்ற மூவரையும் நிமிர்ந்து பார்ப்பாள்.

"முன்னாடி இருக்கறதெல்லாம் அவங்க எழுதுவாங்க டீச்சர்."

பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் சலவைப் பட்டறையிலும் மீன் பதப்படுத்தும் கூடத்திலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள். வீட்டில் ஒரு பென்சில் இருந்தால் அது மூத்த பிள்ளையிடம் இருக்கும். டீச்சர் போன வருஷம் வரை தானே கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு மெமோ வந்தது. ஆசிரியர்கள் சொந்தமாகப் பொருள் வாங்கிக் கொடுப்பது, துறை எதுவும் கொடுப்பதில்லை என்ற தவறான எண்ணத்தை மக்களிடம் ஏற்படுத்துகிறது, ஆகவே தடைசெய்யப்படுகிறது என்றது மெமோ. பெற்றோரிடம் கேட்கலாமா என்று டீச்சர் எழுதிக் கேட்டார். அது கட்டாய வசூல், அதற்குத் தண்டனை தனி என்று இரண்டாவது மெமோ வந்தது. மெமோக்கள் மட்டும் தட்டுப்பாடில்லாமல் வந்தன.

இப்படியே வருஷத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு ஒன்றை அறிவித்திருந்தார்கள். பாதிப் பிள்ளைகளாவது தேறாவிட்டால் அந்தப் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்தச் சாலையில் சரக்கு லாரிகள் நாய்க்குக்கூட வேகத்தைக் குறைப்பதில்லை. தேர்வு விதிகளில் ஏழாவது விதி, ஒரு பென்சிலை இருவர் பயன்படுத்துவது காப்பியடித்தலாகக் கருதப்படும் என்றது.

டீச்சர் தலைமை ஆசிரியரிடம் போனார். அவருக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. எந்தத் தாளை நீட்டினாலும் மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினால் ஓய்வூதியத்துக்கு ஆபத்து என்று நம்பினார்.

"சார், தேர்வுக்கு நாலு மாசம்தான் இருக்கு. வழங்கல் அலுவலகத்துக்கு நானே நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"போங்க டீச்சர். ஆனா நான் போகச் சொன்னதா சொல்லாதீங்க. போக வேண்டாம்னு சொன்னதாவும் சொல்லாதீங்க."

எழுதுபொருள் வழங்கல் அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். அதன் பின்பக்கம் கட்டடத்தைவிடப் பெரிதாக ஒரு கிடங்கு. மூன்றாவது ஜன்னலில் இருந்த எழுத்தர் நாலு பிரதி விண்ணப்பத்தைக் கொடுத்தார். டீச்சர் அங்கேயே நின்று பேனாவால் நிரப்பினார்.

"ஒன்பதாவது கட்டத்தைப் பென்சில்ல நிரப்பணும் மேடம். தேவைப்படும் எண்ணிக்கை. மேல இருக்கறவங்க அழிச்சுட்டுக் குறைப்பாங்க."

"சார், பென்சில் இல்லைன்னுதானே வந்திருக்கேன்."

"எதிர்க்கடையில ஒண்ணு வாங்குங்க."

"ஆசிரியர்கள் சொந்தமா வாங்கக் கூடாதுன்னு மெமோ இருக்கே."

"அது வகுப்புக்கு வாங்கறதுக்கு. விண்ணப்பத்துக்கு வாங்கலாம்."

டீச்சர் போய் வாங்கி வந்து ஒன்பதாவது கட்டத்தை நிரப்பினார். "இந்தப் பென்சிலை நான் பிள்ளைங்ககிட்டக் கொடுத்துக்கலாமா?"

எழுத்தர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அதை விண்ணப்பத்தோட இணைக்கணும். எதால நிரப்பினீங்கன்னு சான்று வேணும்ல?"

குண்டூசி பென்சிலுக்குள் இறங்கவில்லை. நூலால் கட்டினார்கள். பிறகு எழுத்தர் ஒரு பதிவேட்டை எடுத்து வந்து பள்ளியின் பெயரைத் தேடினார். தேடிவிட்டு முகம் மலர்ந்தார்.

"உங்க பள்ளி ரொம்ப நல்ல பள்ளி மேடம். ஆறு வருஷமா ஒரு புகாரும் இல்ல."

"நாங்க வருஷா வருஷம் எழுதியிருக்கோம் சார்."

"அதெல்லாம் கோரிக்கை. புகார் வேற நோட்டு. புகார் நோட்டுல பேரு இல்லைன்னா நீங்க திருப்தியா இருக்கீங்கன்னு அர்த்தம். திருப்தியா இருக்கற பள்ளிக்கு நேரடியாப் பொருள் கொடுக்க முடியாது. அதிகாரி வந்து தேவை இருக்கான்னு பார்க்கணும்."

"எப்ப வருவாரு?"

"தேவைப்படும்போது வருவார்."

ஐந்து வாரம் கழித்துத் தேவை மதிப்பீட்டு அதிகாரி வந்தார். வெயிலுக்குத் தொப்பியும், தோளில் ஒரு பையும், கையில் அட்டையில் செருகிய தாள்களுமாக வகுப்புக்குள் நுழைந்து, பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னதை ஒரு முறை எண்ணிப் பார்த்தார்.

"நாற்பத்து மூணு வணக்கம். சரியா இருக்கு. இப்ப, பென்சில் இல்லாதவங்க மட்டும் எழுந்திருங்க."

முப்பத்திரண்டு பேர் எழுந்தார்கள். டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு தேவையை யாரும் காட்ட முடியாது.

அதிகாரி தாளை முதல் பிள்ளையிடம் நீட்டினார். "பென்சில் இல்லாதவங்க எல்லாரும் இதுல வரிசையா அவங்கவங்க பேரை எழுதுங்க."

பிள்ளை தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான். தாள் முப்பத்திரண்டு கை மாறி அதிகாரியிடமே திரும்பி வந்தது.

"யாரும் எழுதலையே?"

"அவங்ககிட்டப் பென்சில் இல்ல சார்," என்றார் டீச்சர்.

"அதைத்தான் எழுதச் சொல்றேன்."

"நான் ஒரு பென்சில் தரேன் சார், எழுதட்டும்."

"கொடுத்தீங்கன்னா அந்தப் பிள்ளைகிட்டப் பென்சில் இருக்குன்னு ஆயிடும் மேடம். அப்புறம் அந்தப் பேரு இந்தப் பட்டியல்ல வரக் கூடாது."

"உங்க பேனாவால எழுதச் சொல்லலாமே?"

"மூணாம் வகுப்புப் பிள்ளைங்க பேனா தொடக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"அப்ப நான் எழுதித் தரேன். எனக்கு முப்பத்திரண்டு பேரும் மனப்பாடம்."

"இது சுய அறிவிப்பு மேடம். பயனாளி தன் கையால எழுதணும். நாளைக்கு நீங்களே இட்டுக்கட்டி எழுதினதா யாராவது சொன்னா உங்களுக்குத்தானே கஷ்டம்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவளுக்கு வகுப்பில் வாயாடி என்று பெயர். டீச்சரும் அப்படித்தான் கூப்பிடுவார். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

"சார், எங்ககிட்டப் பென்சில் இருந்தா எழுதுவோம். ஆனா பென்சில் இருந்தா எழுதக் கூடாது. அப்ப யாரு சார் எழுதறது?"

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். "நல்லாப் பேசுது. வாய்மொழித் திறன் சிறப்புன்னு போட்டுக்கறேன்." அதைப் பேனாவால் குறித்துக்கொண்டார். பிறகு வெற்றுத் தாளின் அடியில் 'பென்சில் இல்லாதவர் எவருமில்லை' என்று எழுதி, தேதி போட்டு, தலைமை ஆசிரியரிடம் நீட்டினார். தலைமை ஆசிரியர் 'பார்த்தேன்' என்று எழுதினார்.

அன்று மாலை டீச்சர் வீட்டுக்குப் போய் பையை நாற்காலியில் எறிந்தார். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த விரல்களைப் பழைய பனியனில் துடைத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார். இடையில் இரண்டு முறை சிரித்துவிட்டு இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார்.

"என்னங்க, நான் என்ன தப்பு பண்றேன்? எல்லாத்தையும் அவங்க சொன்ன மாதிரிதானே செய்யறேன்?"

"எங்க ஆஸ்பத்திரியில லிஃப்ட்டு நடுவுல நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கறவங்க பட்டனை அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பட்டனுக்கு ஒயரே போயிருக்காது. நாங்க மேல மோட்டார் ரூமுக்குப் போய்க் கையால சக்கரத்தைச் சுத்தித்தான் இறக்குவோம்."

"இங்க சக்கரம் எங்க இருக்குன்னே தெரியலையே."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாடு எடுத்துவைக்கப் போனார்.

சக்கரத்துக்குப் பதிலாகப் பயிற்சி முகாம் வந்தது. எழுதுகருவிப் பொறுப்புணர்வுப் பயிற்சி, மூன்று நாள், வராதவர்களுக்கு மெமோ. குளிரூட்டிய மண்டபத்தில் இருநூறு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு துணிப்பை, ஒரு கோப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா. பென்சில் இருக்கிறதா என்று எல்லாரும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். முதல் நாள் பென்சிலின் வரலாறு. இரண்டாம் நாள் பென்சில் பிடிக்கும் முறை. பென்சில் வராததால் எல்லாரும் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பழகினார்கள். மூன்றாம் நாள் வழங்கல் துறை இயக்குநர் வந்தார்.

அவர் நல்ல பேச்சாளர். கையில் குறிப்பே இல்லை.

"போன வருஷம் இந்தத் துறைக்கு ஆயிரத்து நானூறு புகார் வந்துச்சு. இந்த வருஷம் எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. எப்படிச் சாதிச்சோம்? புகார்ப் பிரிவை மூடினோம். அங்க இருந்த எட்டுப் பேரையும் பாராட்டுப் பிரிவுக்கு மாத்தினோம். இப்பப் பாராட்டும் வர மாட்டேங்குது. அதையும் சரி பண்ணுவோம்."

கைதட்டல்.

"இன்னொரு விஷயம். பக்கத்து மாவட்டங்கள்ல கிடங்குகளைப் போய்ப் பாருங்க. பாதி காலி. ஏன்? எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டாங்க. நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன பண்ணுவாங்க? நம்ம கிடங்கு அப்படி இல்ல. ரெண்டு லட்சம் பென்சில். பத்தொன்பது வருஷமா ஒண்ணுகூடக் குறைஞ்சதில்ல. பென்சில்னா வெறும் பொருளா? அது நாட்டோட எதிர்காலம். எதிர்காலத்தை யாராவது செலவு பண்ணுவாங்களா?"

பிறகு அவர் கிடங்குக் காப்பாளரை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். காப்பாளர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சாவிக்கொத்து கனத்து ஒரு பக்கம் தோள் இறங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் பேசச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எலியைக்கூட விட்டதில்லைங்க," என்றார். சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

முகாம் முடிந்த வாரத்தில் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தலைமை ஆசிரியர் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், நம்ம பள்ளிதான் மாவட்டத்துல முதல். பென்சில் தன்னிறைவு பெற்ற பள்ளின்னு அறிவிச்சிருக்காங்க. பென்சில் இல்லாதவர் ஒருத்தர்கூட இல்லாத ஒரே பள்ளி நம்முதுதானாம்."

டீச்சர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அதன் கடைசிப் பத்தியில், இந்தச் சாதனையைக் கொண்டாட இயக்குநரே நேரில் வந்து நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் தம் கையால் புதுப் பென்சில் வழங்குவார் என்று இருந்தது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பென்சில் இல்லை என்று நாலு மாதமாக அலைந்தவருக்கு, பென்சில் இருக்கிறது என்பதற்காகப் பென்சில் வரப்போகிறது. எப்படி வந்தால் என்ன, தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

விழாவுக்குப் பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டார்கள். மேடைக்கு மட்டும் போட்டார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார்.

"பென்சில் கொடுக்கறது பெரிய காரியம் இல்ல. யார் வேணும்னாலும் கொடுத்துடலாம். கொடுக்காமலே ஒரு பள்ளியைத் தன்னிறைவுக்குக் கொண்டுவந்திருக்கோம் பாருங்க, அதுதான் நிர்வாகம்!"

அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, பளபளக்கும் சிவப்புப் பென்சிலை வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்கு முகத்தைக் காட்டிவிட்டு இறங்கினார்கள். ஜன்னலோரத்துச் சிறுமி பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரிடமாவது கொடுக்க வேண்டுமோ என்று சுற்றிப் பார்த்தாள்.

"உனக்குத்தான். முழுசும் உனக்குத்தான்," என்றார் டீச்சர்.

இயக்குநரின் கார் கிளம்பியது. பிள்ளைகள் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே கிடங்குக் காப்பாளர் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு உள்ளே வந்தார்.

"பிள்ளைங்களா, பென்சிலை எல்லாம் பெட்டியில போடுங்க பார்ப்போம். பத்திரமா, முனை இடிக்காம."

டீச்சருக்குக் காதில் விழுந்தது. புரியத்தான் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"எதுக்கு சார்?"

"இது விழாப் பென்சில் மேடம். இருப்புல இருந்து பார்வைக்கு எடுத்துட்டு வந்தது. அடுத்த வாரம் இன்னொரு பள்ளியில விழா."

"அப்ப எங்களுக்கு?"

"நீங்கதான் தன்னிறைவு ஆயிட்டீங்களே."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களுக்காகச் சந்தோஷப்பட்டார். டீச்சர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் தரையைப் பார்த்தார். பிள்ளைகள் எழுந்து வரிசையில் நின்றார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அவர்களுக்குப் பழக்கம்தான். முதலில் வந்தது வாயாடி. அவள் நீட்டிய பென்சிலைப் பார்த்ததும் காப்பாளர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார், சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி.

"இது என்ன?"

"பென்சில் சார்."

"சீவியிருக்கு!"

"ஆமா சார். அவரு பேசிக்கிட்டே இருந்தாரு, அதான் சீவினேன். எங்கிட்ட ஷார்ப்னர் ரொம்ப நாளா சும்மாவே கெடந்துச்சு."

காப்பாளர் பெட்டியின் வாயை மூடினார். "சீவினதை நான் எடுத்துட்டுப் போக முடியாதே. சீவாதது இருப்பு. சீவினது பயன்பாட்டுப் பொருள். பயன்பாட்டுப் பொருளைக் கிடங்குக்குள்ள வெச்சிருக்கவே கூடாது. விதி பதினாலு."

டீச்சர் ஓர் அடி முன்னால் வந்தார். "சீவின பென்சிலை வேற என்ன சார் பண்ணணும்?"

"கிடங்குக்கு வெளிய எங்க சீவினாங்களோ அங்கயே விட்டுடணும். விதி பதினஞ்சு." சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "மேடம், வேண்டாம். மேடம்..."

டீச்சர் திரும்பி வகுப்பைப் பார்த்தார். பதினாறு வருஷ வேலையில் அவர் ஒரு விதியையும் மீறியதில்லை. இப்போதும் மீறப்போவதில்லை. விதிப்படிதான் நடக்கப் போகிறார்.

"பிள்ளைங்களா, எல்லாரும் சீவுங்க."

வாயாடியின் ஷார்ப்னர் கைக்குக் கை பறந்தது. அது வரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் தரைக்கு இறங்கிச் சிமென்டில் பென்சிலைத் தேய்த்தார்கள். சிலர் பல்லால் கடித்துத் துப்பினார்கள். வகுப்பறை முழுவதும் மரம் அறுக்கும் பட்டறை மாதிரி கரகரவென்று ஒரே சத்தம். தலைமை ஆசிரியர் அவசரமாகச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, பெருங்கடலின் நடுவில் ஏதோ ஒரு சிறிய தீவின் பெயரை மிகுந்த கவனத்தோடு படிக்கத் தொடங்கினார்.

காப்பாளர் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்துவிட்டார்.

"பத்தொன்பது வருஷம் மேடம். என் கல்யாணத்தன்னிக்குக்கூட வந்து எண்ணிட்டுப் போனேன்."

டீச்சருக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாயாடி பக்கத்தில் போய் நின்றாள்.

"அழாதீங்க சார். வேணும்னா நீங்களும் ஒண்ணு சீவிப் பாருங்க. நல்லா வாசனையா இருக்கும்."

காப்பாளர் அன்றைக்கு இரண்டு வெறும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த பத்து நாளும் டீச்சர் வேறெதுவும் நடத்தவில்லை. எழுதவைத்தார். காலையில் எழுத்து, மதியம் எழுத்து. சட்டையில் கரி, மூக்கில் கரி. ஜன்னலோரத்துச் சிறுமிக்கு முதல் எழுத்து வர மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் தன் பெயரை முழுவதுமாக எழுதிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முன்பாதி கோணல்மாணலாகவும் கடைசி எழுத்து அச்சடித்த மாதிரியும் இருந்தது. டீச்சர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

தேர்வில் நாற்பத்து மூன்று பேரும் எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் தேறினார்கள். பள்ளியை மூடும் பட்டியலில் அதன் பெயர் இல்லை.

விசாரணைப் பட்டியலில் டீச்சரின் பெயர் இருந்தது. மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் இருந்தவர் ஒரு சீவிய பென்சிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார்.

"நாற்பத்து மூணு பென்சிலைச் சேதப்படுத்தியிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

"பிள்ளைங்க அதால எழுதினாங்க சார்."

"சேதம் எப்படி நடந்துச்சுன்னு கேக்கல. சேதமா இல்லையா?"

"பென்சிலைச் சீவினாத்தானே சார் எழுத முடியும்?"

"எல்லாரும் இப்படியே நினைச்சா நாட்டுல ஒரு முழுப் பென்சில் மிஞ்சுமா?" என்றார் வலப்பக்கம் இருந்தவர். அவருக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது. "எங்க அப்பா காலத்துல வாங்கின பென்சில் இன்னும் அந்தக் கிடங்குல இருக்கு. என் பேரப் பிள்ளைங்க காலத்துலயும் இருக்கணும்னு நாங்க பாடுபடறோம். நீங்க பத்து நாள்ல எழுதித் தீர்த்துட்டீங்க."

"முப்பத்தொன்பது பேர் பாஸ் பண்ணியிருக்காங்க சார்."

"அது தேர்வுத் துறை. நாங்க வழங்கல் துறை," என்றார் இடப்பக்கம் இருந்தவர். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. பொருளின் அருமை தெரியாத ஆசிரியரைப் பொருள் பயன்படும் இடத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று குழு கருதியது. ஆகவே பிள்ளைகளும் கரும்பலகையும் இல்லாத ஓர் இடத்துக்கு அவரை மாற்ற வேண்டும், பொருளின் அருமையை அவர் தினமும் கண்ணால் பார்த்துத் திருந்த வேண்டும். கிடங்குக் காப்பாளர் வேலை அப்போது காலியாக இருந்தது. பழைய காப்பாளர், இருப்பு குறைந்த பதிவேட்டைத் தினமும் திறந்து பார்க்க மனசு தாங்கவில்லை என்று எழுதிக்கொடுத்து, பந்தும் கயிறும் வைக்கும் விளையாட்டுப் பொருள் பிரிவுக்குப் போய்விட்டார். குறை விழுந்த கிடங்கை ஏற்க வேறு யாரும் முன்வரவில்லை.

டீச்சர் உத்தரவைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எதுவும் எழுதவில்லை.

"மூணாங் கிளாஸை நானே எடுத்துக்கறேன் டீச்சர். இன்னும் ரெண்டு மாசம்தானே இருக்கு எனக்கு. நீங்க கவலைப்படாம போங்க."

வகுப்பில் சொன்னபோது வாயாடி மட்டும் பேசவில்லை. மற்ற எல்லாரும் பேசினார்கள்.

வீட்டில் கணவர் உத்தரவை வாங்கிப் படித்தார். டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு வருஷம் பிள்ளைங்க சத்தத்துலயே இருந்துட்டேன். அங்க போய் பெட்டியைப் பார்த்துக்கிட்டு எப்படிங்க உக்காந்திருப்பேன்?"

கணவர் எழுந்து வந்தார். கிரீஸ் கையோடே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரவிக்கையில் நாலு விரல் பதிந்தது.

கிடங்கு முழுவதும் இருட்டு. கூரை வரை அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் போகும் அளவுக்குச் சந்து. மேசை, நாற்காலி, பதிவேடு, விதிப்புத்தகம். மேசை ஓரத்தில் கைப்பிடி சுற்றும் ஷார்ப்னர் ஒன்று முடுக்கியிருந்தது. அலுவலக உபயோகத்துக்கு என்று எழுதியிருந்தது. அதன் டப்பாவில் ஒரு சுருள்கூட இல்லை.

முதல் இரண்டு நாள் டீச்சர் விதிப்புத்தகம் படித்தார். வேறு வேலை இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஜன்னலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். செருப்பின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. கையில் நாலு பிரதி விண்ணப்பம், நூலில் கட்டிய ஒரு பென்சில்.

"மேடம், ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில ரெண்டாங் கிளாஸ் வாத்தியார் நான். இது அஞ்சாவது தடவை வரேன். மூணாவது ஜன்னல்ல உங்களைப் பார்க்கச் சொன்னாங்க. நீங்க எங்க அனுப்பப் போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, நடந்துடறேன்."

டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்பதாவது கட்டத்தை அழித்துக் குறைத்து, பிறகு அதையும் அழித்திருந்தார்கள். மேலே 'தேவை நிறுவப்படவில்லை' என்று முத்திரை.

"இதை வெச்சு உங்களுக்கு ஒண்ணும் கொடுக்க முடியாது சார். விதி இல்ல."

"தெரியும் மேடம்." அவர் திரும்பப் போனார்.

"நில்லுங்க."

டீச்சர் பக்கத்துப் பெட்டியின் நாடாவைக் கிழித்தார். ஒரு புதுப் பென்சிலை எடுத்து மேசை ஷார்ப்னரில் செருகிக் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினார். சுருள் டப்பாவில் விழுந்தது. பென்சிலை வெளியே எடுத்து, முனையை ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடடா, கெட்டுப்போச்சு. கெட்டுப்போனதை ஒரு நிமிஷம்கூட இங்க வெச்சிருக்கக் கூடாது, விதி பதினாலு. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க சார்."

இளைஞர் பென்சிலையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கிளாஸ்ல எத்தனை பேரு?"

"ஐம்பத்தாறு மேடம்."

டீச்சர் எதிரே கிடந்த முக்காலியைக் காலால் நகர்த்திக் கொடுத்தார்.

"உள்ள வந்து உக்காருங்க. கைப்பிடியை மாத்தி மாத்திச் சுத்துவோம்."